பிறர் நெறி கற்றலின் அறம்

மனித இனம் வளர்த்துக்கொண்ட கல்விகளுள் சமயக் கல்வி மிகப் பழமையானது. ஆயின், பிறருடைய சமயத்தை அறிந்துகொள்வதற்காகவே கற்கும் கல்வி மிக அண்மைக் காலத்தது. தன் சமயத்தைக் கற்றவன் உய்வை நாடிக் கற்றான். பிறர் சமயத்தை வாதில் வெல்லும் பொருட்டுக் கற்றோரும் பண்டு பலர் இருந்தனர். வழிபடுவதற்கும் அன்று, வெல்வதற்கும் அன்று, அறிவதற்கே கற்க விரும்புகிறேன் என்று கூறி ஒருவன் பல்கலைக்கழகத்தின் வாயிலில் வந்து நிற்பது, ஏறத்தாழக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் உருவான நிலையாகும்.

தமிழ் மாணவன் ஒருவன் பௌத்தத்தையும் சமய ஒப்பியலையும் முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வுப் பொருளாகத் தேர்ந்துகொள்கிறான் என வைத்துக்கொள்வோம். இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டார் கேட்பர். அது நியாயமான கேள்வியே. இளமையின் சில ஆண்டுகளை முழுமையாகக் கேட்கும் படிப்பு அது. ஆயினும் அக்கேள்விக்குப் பின்னால் வேறொரு கேள்வி மறைந்து நிற்கின்றது. நம் சமயத்திலேயே கற்க வேண்டியவை கடலளவு இருக்கும்போது, பிறர் சமயத்தைத் தேடிப் போவானேன் என்பதே அது. மறுபுறத்தில் பௌத்தர் ஒருவரும் அவனைப் பார்த்து, எங்கள் நெறியில் நில்லாத நீ எங்கள் நெறியை எவ்வாறு அறிவாய் என்று கேட்கக்கூடும்.

தன்னவர் கேட்கும் கேள்விக்கும் பிறர் கேட்கும் கேள்விக்கும் இடையில் நிற்கின்றான் அம்மாணவன். இவ்விரண்டுக்கும் விடை காண்பது நூலகத்தில் மட்டும் முடியும் செயலன்று. பிறர் புனிதமாகப் போற்றும் ஒன்றைக் கையிலெடுத்து, பிரித்துப் பார்த்து, மற்றொன்றின் அருகில் வைத்து ஒப்பிட ஒருவனுக்கு என்ன உரிமை உண்டு? அவ்வுரிமை எக்கடமைகளோடு பிணைந்தது? இஃது அறிவுத்துறைக் கேள்வியாகத் தோன்றினாலும் உண்மையில் அறத்தைப் பற்றிய கேள்வியே ஆகும்.

தமிழில் வாழ்ந்த பௌத்தம்

பௌத்தம் தமிழருக்கு முற்றிலும் அயலான சமயம் என்று கருதுவோர் தமிழ் வரலாற்றை அறியாதவர். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை பௌத்தக் காப்பியம். குண்டலகேசி மற்றொன்று; அது முழுமையாகக் கிடைக்கவில்லை. பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், வீரசோழியம் என்னும் தமிழ் இலக்கணத்தை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தரே. பாலி மொழியில் பௌத்த நூல்கள் இயற்றிய புத்ததத்தர் சோழநாட்டவர். காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்து எழுதியவர்.

மலேசிய மண்ணுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. கடாரம் என்று சோழர் அழைத்தது இன்றைய கெடா மாநிலப் பகுதியையே ஆகும். ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சூளாமணிவர்மனும் அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மனும் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினர். சைவனான முதலாம் இராசராசன் ஏறத்தாழ 1006ஆம் ஆண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அப்பௌத்தப் பள்ளிக்கு வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்ற சாசனம் இக்கொடையைக் கூறுகின்றது.

அதற்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கெடா, பௌத்தக் கல்வியை நாடிச் சென்றோர் தங்கிய துறைமுகமாக இருந்தது. சீனத் துறவி இ-சிங் 671ஆம் ஆண்டில் கடல்வழியே புறப்பட்டார். ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் கற்று, கெடா வழியாக 673ஆம் ஆண்டில் வங்காளக் கடற்கரையை அடைந்தார். பின்னர் நாளந்தாவில் பத்தாண்டுகள் பயின்றார். இந்தியாவுக்குச் செல்ல விரும்பும் சீனத் துறவியர் முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு ஆண்டு தங்கிப் பயின்று செல்வது நன்று என்றும் அவர் எழுதி வைத்தார். மூலநூலைத் தொடுவதற்கு முன் மொழியைக் கற்றுக்கொள் என்பதே அந்த அறிவுரையின் பொருள். இன்றைய ஆய்வு மாணவனுக்கும் நெறியாளர் முதலில் கூறுவது அதுதான்.

ஆனால் இச்செய்திகளைக் கேட்டுப் பெருமிதம் கொள்வதோடு நின்றுவிடக் கூடாது. பௌத்தம் ஒருகாலத்தில் நம்முடையதாகவும் இருந்தது, ஆகவே அதைக் கற்கலாம் என்று வாதிடுவது எளிது; அந்த வாதம் போதாது. பழைய உடைமை என்பதனாலேயே ஒன்றைக் கற்கலாம் என்றால், உடைமையாக இல்லாத சமயங்களைக் கற்கவே கூடாது என்றாகிவிடும். மேலும், உடைமை உணர்ச்சி ஆய்வாளனின் கண்ணை மறைக்கும். கொடை வழங்கிய இராசராசனின் மகன் இராசேந்திரனே 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் படையெடுத்தான். கொடையைப் பாடி, படையெடுப்பை மறைத்தால் அது வரலாறு ஆகாது. பிறர் நெறியைக் கற்கும் உரிமைக்கு வேறு அடிப்படை வேண்டும்.

வெல்லக் கேட்பதும் அறியக் கேட்பதும்

மணிமேகலையின் 27ஆம் காதையில், மணிமேகலை வஞ்சி மாநகரில் பல்வேறு சமயவாதிகளிடம் சென்று அவரவர் கொள்கைகளைக் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என அவர்கள் வரிசையாக வருகின்றனர். தமிழில் சமய ஒப்பியலுக்கு இதைவிடப் பழைய காட்சியைக் காண்பது அரிது. இளம்பெண் என்று எண்ணி ஆசிரியர்கள் உண்மைப் பொருளைக் கூறாமல் விடுவர் என்பதனால், அவள் தன் உருவை மறைத்து முதிய தவத்தோர் வடிவம் கொண்டே அவர்களிடம் செல்கிறாள். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சொல்பவர் சொல்லும் பொருளும் மாறும் என்பதைச் சாத்தனார் நன்கு அறிந்திருந்தார்.

எனினும் அக்காட்சி நடுநிலையான ஆய்வு அன்று. பூதவாதியின் சொற்களைக் கேட்டு மணிமேகலை நகைக்கின்றாள். அனுமானத்தை ஏற்காத நீ உன் தந்தை தாயரை எவ்வாறு அறிந்தாய் என்று மடக்குகின்றாள். எல்லாரையும் கேட்டபின் அவள் சென்று சேரும் இடம் காப்பியத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்யப்பட்டதாகும். காஞ்சியில் அறவண அடிகள் கூறும் பௌத்த அறமே அவ்விடம். அவள் பிறரைக் கேட்டது ஒதுக்குவதற்காகவே எனலாம்.

சைவ மரபிலும் இதே முறையைக் காணலாம். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம், சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் எனப் பௌத்தரை நால்வகையாகப் பிரித்து, ஒவ்வொருவர் மதத்தையும் முதலில் எடுத்துக்கூறிப் பின்னர் மறுக்கின்றது. சமணர் இயற்றிய நீலகேசி, குண்டலகேசியை மறுக்க எழுந்த நூல். இவற்றின் நோக்கம் வெற்றியே.

இருந்தும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. குண்டலகேசியின் செய்யுள்கள் சில இன்று கிடைப்பதற்கு, அதை மறுத்த நீலகேசியின் உரையும் ஒரு காரணம். எதிரியின் நூலிலிருந்து எடுத்துக் காட்டியே மறுக்க வேண்டும் என்ற ஒழுங்கை உரையாசிரியர் கைக்கொண்டார். அதனால் பௌத்தர் இழந்த செய்யுளைச் சமணர் காத்தளித்தனர். மறுக்க எண்ணினாலும் மாற்றாரின் சொல்லை மாற்றாமல் சொல்ல வேண்டும் என்பது வாதம் செய்தோர் நமக்கு விட்டுச் சென்ற நல்லறம். பிறர் நெறியை ஆராய்பவனுக்குரிய முதற்கடமை இதிலிருந்தே தொடங்குகின்றது.

குடந்தையில் நிகழ்ந்த ஆராய்ச்சி

வெல்லும் நோக்கம் நீங்கி, அறியும் நோக்கம் மட்டும் நின்ற ஆராய்ச்சிக்குத் தமிழில் சிறந்த சான்று உ.வே.சாமிநாதையரின் பணியாகும். 1880ஆம் ஆண்டில் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியரான அவர், அவ்வாண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபின் சீவக சிந்தாமணியைக் கற்கத் தொடங்கினார். அது சமண நூல். சைவச் சூழலில் பயின்ற அவருக்கு அதன் சமயச் சொற்கள் விளங்கவில்லை. குடந்தையில் வாழ்ந்த சமணரிடம் சென்று, அடக்கத்தோடு கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறியது.

மணிமேகலையைக் கையிலெடுத்தபோது அவ்வழியும் அடைபட்டது. பொருள் கேட்கத் தமிழ்நாட்டில் பௌத்த அறிஞர் அருகில் இல்லை. பழைய உரையும் கிடைக்கவில்லை. அந்நிலையில் ரங்காசாரியார் என்னும் வைணவப் பேரறிஞர் துணைநின்றார். பௌத்தம் பற்றி மேனாட்டார் ஆங்கிலத்தில் எழுதிய நூல்களைப் படித்து அவர் பொருள் கூற, சாமிநாதையர் அதனை மணிமேகலையின் அடிகளோடு பொருத்திப் பார்த்தார். மேனாட்டு அறிஞர் எழுதியதை ஒரு வைணவர் விளக்க, சைவச் சூழலில் வளர்ந்தவர் பௌத்தக் காப்பியத்துக்கு உரை கண்டார். 1898ஆம் ஆண்டில் மணிமேகலை வெளிவந்தது. புத்தரின் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைப் பற்றித் தமிழ் மாணவர்க்கு விளங்கும்படி அவர் உடன் எழுதிய பகுதிகளும் அப்பதிப்பில் இடம்பெற்றன.

இவ்வுழைப்பினால் அவர் பௌத்தரும் ஆகவில்லை. பௌத்தத்தைத் தாழ்த்தியும் எழுதவில்லை. தம் நெறியில் நின்றுகொண்டே பிறர் நெறிக்கு நேர்மையான உரையாசிரியரானார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது 1932ஆம் ஆண்டிலேதான். மணிமேகலை வெளிவந்து 34 ஆண்டுகள் கடந்தபின் வந்த பட்டம் அது.

சென்னையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய மயிலை சீனி. வேங்கடசாமி 1936ஆம் ஆண்டில் கிறித்தவமும் தமிழும் என்ற நூலையும், 1940ஆம் ஆண்டில் பௌத்தமும் தமிழும் என்ற நூலையும், 1954ஆம் ஆண்டில் சமணமும் தமிழும் என்ற நூலையும் எழுதினார். முனைவர் பட்டத்துக்காக எழுதப்பட்டவை அல்ல அவை. இன்று முனைவர் பட்ட ஆய்வில் இறங்குவோரோ அவற்றைக் கடந்து செல்ல இயலாது. பள்ளி ஆசிரியர்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இது.

பட்டம் எதற்கு?

பட்டம் இல்லாமலே இத்தகைய பணிகள் நிகழ்ந்தன என்றால், பல்கலைக்கழகமும் முனைவர் பட்டமும் எதற்கு என்ற ஐயம் எழும். சான்றோர் தம் இயல்பினால் கைக்கொண்ட ஒழுங்கை, எல்லார்க்கும் பயிற்சியாக அளிப்பதே பல்கலைக்கழகத்தின் பணி. மூலநூலை மூலமொழியில் கற்றல், சொன்னவர் யார் என்று குறிப்பிடல், மாறான சான்றை மறைக்காமல் வைத்தல், தன்னினும் கற்றவர் முன்னிலையில் தன் முடிவுக்குப் பொறுப்பேற்றல் ஆகியவை ஆய்வு முறைகள் எனப்படுகின்றன. உற்று நோக்கினால் அவை நேர்மையின் பல்வேறு வடிவங்களே.

பௌத்த ஆய்வில் இந்நேர்மை மொழியிலிருந்து தொடங்குகிறது. தேரவாதத்தை அறியப் பாலி வேண்டும். மகாயானத்தை அறிய வடமொழி வேண்டும். வடமொழியில் அழிந்துபோன நூல்களைத் திபெத்திய, சீன மொழிபெயர்ப்புகளிலேயே காண முடியும். இலங்கையில் ஆங்கில அரசின் அலுவலராகப் பணியாற்றிய ரைஸ் டேவிட்ஸ் அங்குப் பௌத்தத் துறவியிடம் பாலி கற்றார். பின்னர் 1881ஆம் ஆண்டில் பாலி நூற்கழகத்தை நிறுவி, ஓலைச்சுவடிகளில் இருந்த நூல்களை அச்சேற்ற வழிவகுத்தார். 1904ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமய ஒப்பியல் பேராசிரியரானார். ஆள வந்த நாட்டில் மாணவனாக அமர்ந்த பணிவே அவருடைய கல்விக்கு வித்தாயிற்று.

மொழியறிவு இன்றேல் நேரும் பிழையை ஒரு சொல்லால் விளக்கலாம். வீடு என்னும் சொல் மணிமேகலையிலும் வருகின்றது. சைவ சித்தாந்த நூல்களிலும் வருகின்றது. சைவ சித்தாந்தத்தில் பசுவாகிய உயிர் என்றும் உள்ள பொருள். பாசம் நீங்கிப் பதியின் திருவடியை அடைதலே அதற்கு வீடு. பௌத்தத்திலோ நிலையான உயிர் என்று ஒன்று இல்லை. உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் தொகுதியையே நான் என்று மயங்குகிறோம் என்பது அதன் கொள்கை. பற்று அற்று, துன்பத்தின் தொடர் அறுதலே வீடு. சொல் ஒன்று, பொருள் வேறு.

சொல்லின் ஒற்றுமையைக் கண்டு எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கின்றன என்று மேடையில் முழங்குவது எளிது. அது கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும், இரு சமயத்தாரின் சிந்தனையையும் மதியாத செயலாகும். உயிர் இல்லை என்கிறார்கள், ஆதலால் பௌத்தம் வெறும் சூனியம் என்று தள்ளுவது இதற்கு மறுதலையான பிழை. ஒப்பீடு என்பது ஒற்றுமை தேடுவது மட்டுமன்று, வேற்றுமை தேடுவது மட்டுமன்று. இரண்டையும் அவையவை இருக்கும் இடத்தில் இருக்கும்படி காட்டுவதே ஒப்பீடு.

அகத்தாரும் புறத்தாரும்

ஒரு சமயத்தை அதன் அகத்தே நிற்பவர்தாம் அறிய முடியுமா? புறத்தே நிற்பவர் அறிய இயலாதா? மாக்ஸ் முல்லர் பதிப்பாசிரியராக இருந்து தொடங்கிய கீழைநாட்டுப் புனித நூல்கள் வரிசை 1879ஆம் ஆண்டு முதல் 1910ஆம் ஆண்டு வரை 50 தொகுதிகளாக வெளிவந்தது. உலகில் சமய ஒப்பியல் வேரூன்ற அவ்வரிசை பெரிதும் உதவியது. ஆயினும் அவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தியாவுக்கு வந்தவரல்லர். நூலை அறிந்தார், அந்நூலை நம்பி வாழும் மக்களின் முகத்தை அவர்கள் மண்ணில் கண்டாரில்லை. அவர் பணியின் பெருமையும் குறையும் இதிலேயே அடங்கியுள்ளன.

இக்குறையை நீக்க முயன்றவருள் கனடா நாட்டு அறிஞர் வில்பிரட் கான்ட்வெல் ஸ்மித் குறிப்பிடத்தக்கவர். ஒரு சமயத்தாரின் நம்பிக்கையைப் பற்றி ஆய்வாளன் கூறும் கூற்றை அச்சமயத்தார் ஏற்றுக்கொள்ள இயல வேண்டும். இல்லையேல் அக்கூற்றுச் செல்லாது என்னும் கருத்தை அவர் 1959ஆம் ஆண்டில் முன்வைத்தார். பௌத்தத்தைப் பற்றி எழுதுகிறவன் தன் கட்டுரையை ஒரு பௌத்தரிடம் படித்துக் காட்டினால், ஆம், இதுவே எங்கள் நெறி என்று அவர் சொல்ல வேண்டும். இஃது எளிய உரைகல் அன்று. பட்டம் வழங்கும் தேர்வாளர் மூவரோ நால்வரோதாம். இவ்வுரைகல்லின்படி பார்த்தால், அச்சமயத்தார் அனைவரும் தேர்வாளர் ஆகின்றனர்.

அகத்தாரும் புறத்தார் கல்வியை நாடியதுண்டு. இலங்கைத் துறவி வல்பொல ராகுலர் தேரவாத மரபில் துறவு பூண்டவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபின் பாரிசுக்குச் சென்று மகாயான நூல்களை ஆராய்ந்தார். 1959ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட புத்தர் போதனை பற்றிய ஆங்கில நூல் உலகெங்கும் பாடநூலாகப் பயிலப்பட்டது. 1952ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மகா விகாரையில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பணிபுரிந்து, 2006ஆம் ஆண்டில் மறைந்த தம்மானந்தர் இளமையில் உயர்கல்வி பெற்ற இடம் காசி இந்துப் பல்கலைக்கழகம். பௌத்தத் துறவி ஒருவர் இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவம் பயின்றார் என்றால், அதனால் அவருடைய பௌத்தம் குறைந்துவிடவில்லை. அவரை மாணவராக ஏற்ற பல்கலைக்கழகத்தின் இந்து நெறியும் குறைந்துவிடவில்லை.

அகத்தே நிற்பவர் நெறியின் சுவையை அறிவார். பழகிப்போனதனால் சிலவற்றைக் காணாமலும் விடுவார். புறத்தே நிற்பவர் வடிவத்தைக் காண்பார், சுவையைத் தவறவிடக்கூடும். ஆகவே இருவருக்கும் மற்றவர் துணை தேவைப்படுகின்றது.

காயம்பட்ட நெஞ்சின் நடுவுநிலை

இதுவரை கூறியவை அமைதியான காலத்துக்குரியவை. ஆராய்பவனின் இனத்துக்கும் ஆராயப்படும் சமயத்தைப் போற்றும் மக்களுக்கும் இடையே குருதி சிந்தப்பட்டிருந்தால் என்ன செய்வது? தமிழ் மாணவன் பௌத்தத்தைக் கற்க முனையும்போது இக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டு சூலையில் இலங்கைத் தமிழர் கொடுமைக்கு ஆளாயினர். உள்நாட்டுப் போர் 2009ஆம் ஆண்டு வரை நீடித்தது. பௌத்தத்தைக் காப்பதாகக் கூறிக்கொண்டு தமிழரின் உரிமைகளை எதிர்த்தோருள் துறவியரும் இருந்தனர். இத்தனைக்கும் பின் ஒரு தமிழன் பௌத்த நூலை அன்போடு எவ்வாறு திறப்பான்?

இதற்கு விடையாக வாழ்ந்து காட்டியவர் ஸ்டான்லி செயராசா தம்பையா. 1929ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பினார். 1956ஆம் ஆண்டில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் மாணவரோடு கள ஆய்வில் இருந்தபோது, அங்கே தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. 1960ஆம் ஆண்டில் அவர் தாய்நாட்டை விட்டுத் தாய்லாந்துக்குச் சென்றார். அவர் பௌத்தத்தை வெறுத்து ஒதுக்கியிருந்தால் உலகம் வியந்திராது. ஆனால் தாய்லாந்தின் சிற்றூர்களில் பௌத்தம் எவ்வாறு வாழ்கின்றது என்பதைப் பொறுமையோடு கண்டு, 1970, 1976, 1984ஆம் ஆண்டுகளில் மூன்று பெருநூல்களை வெளியிட்டார். தாய்லாந்துப் பௌத்தத்தைக் கற்போர் அந்நூல்களை விட்டுவிட்டுச் செல்ல இயலாது. கேம்பிரிட்ஜ், சிகாகோ, ஹார்வர்டு ஆகிய பல்கலைக்கழகங்களில் அவர் கற்பித்தார்.

தம் இனத்துக்கு நேர்ந்ததை அவர் மறக்கவும் இல்லை. 1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின், 1986ஆம் ஆண்டில் இலங்கையின் இனப்பகை பற்றி நூல் எழுதினார். பௌத்தம் காட்டிக்கொடுக்கப்பட்டதா என்று வினவும் தலைப்பில் 1992ஆம் ஆண்டில் மற்றொரு நூலை வெளியிட்டார். அகிம்சையைப் போதிக்கும் நெறியைச் சார்ந்தோர் வன்முறைக்குத் துணைபோனது எவ்வாறு என்பதே அந்நூலின் வினா. இலங்கையில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2014ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

கான்ட்வெல் ஸ்மித் கூறிய உரைகல்லின் எல்லை இங்கே புலனாகின்றது. ஒரு சமயத்தாரின் நம்பிக்கை யாது என்பதை எடுத்துரைக்கும்போது அவர்களின் ஒப்புதல் வேண்டும். ஆனால் அந்நம்பிக்கையின் பெயரால் அவர்கள் செய்தது யாது என்பதை எடுத்துரைக்க அவர்களின் ஒப்புதல் வேண்டியதில்லை. அதற்குச் சான்றே போதும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், ஆய்வாளன் ஒன்று புகழ்பாடியாவான், அல்லது பகைவனாவான்.

தம்பையாவின் வாழ்விலிருந்து வேறொன்றும் தெளிவாகின்றது. தன் சமயத்தின் உயர்ந்த கொள்கையை எடுத்துப் பிறர் சமயத்தாரின் தாழ்ந்த செயலோடு ஒப்பிடுவது மனிதர்க்கு இயல்பான குற்றம். கொள்கையைக் கொள்கையோடு ஒப்பிட வேண்டும். செயலைச் செயலோடு ஒப்பிட வேண்டும். 1983ஆம் ஆண்டின் தீயை வைத்துப் புத்தரின் போதனையை அளப்பவன், சாதிக்கொடுமைகளை வைத்துத் தன் சமயத்தின் அருள்நூல்களைப் பிறர் அளக்கும்போது மறுப்புக்கூற வாயற்றவன் ஆவான்.

நெஞ்சில் காயம் உள்ளவன் நடுவுநிலையோடு ஆராய முடியாது என்று சொல்வாருண்டு. காயமே இல்லாதவனின் நடுவுநிலைக்கு விலை குறைவு. அவனுக்கு அது செலவின்றிக் கிடைத்தது. காயத்தை மறைக்காமலும், அதையே அளவுகோலாகக் கொள்ளாமலும் எழுதுகிறவனின் நடுவுநிலையே அறம் எனத்தக்கது.

நம்பிக்கை மாறிவிடுமா?

பெற்றோரின் உள்ளத்தில் உள்ள மற்றோர் அச்சத்தையும் ஆராய வேண்டும். பிறர் சமயத்தை ஆழமாகக் கற்பவன் தன் சமயத்தை விட்டுவிட மாட்டானா? மாட்டான் என்று உறுதி கூறுவது நேர்மையன்று. மாறியோரும் உண்டு, மாறாதோரும் உண்டு. சாமிநாதையர் மணிமேகலையை வெளியிட்ட அதே 1898ஆம் ஆண்டில், அயோத்திதாச பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ஒருவருக்குப் பௌத்தம் விளங்கிக்கொள்ள வேண்டிய நெறியாயிற்று; மற்றவருக்குத் தம் மக்களின் விடுதலைக்குரிய நெறியாயிற்று. அம்பேத்கர் பல ஆண்டுகள் சமயங்களைக் கற்று ஒப்பிட்டபின், 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். புத்தரும் அவர் தம்மமும் பற்றி அவர் எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1957ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இவர்கள் எல்லாரும் கற்றனர். கற்றபின் தத்தம் மனச்சான்றின் வழி நடந்தனர். கற்காமல் காக்கப்படும் நம்பிக்கை, பூட்டிய பெட்டியில் வைத்த விதை போன்றது. கெடாமல் இருக்கலாம், முளைக்காது. முனைவர் பட்ட ஆய்வு எவரையும் மதம் மாற்றும் கருவியன்று. மாறாமல் தடுக்கும் வேலியும் அன்று. முடிவை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு தொடங்காதே என்று மட்டுமே அது மாணவனைக் கேட்கின்றது. வஞ்சியில் மணிமேகலைக்கு இல்லாத உரிமை, இன்றைய ஆய்வு மாணவனுக்கு உண்டு.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

முனைவர் பட்டம் வரை செல்வோர் சிலரே. ஆயினும் அவ்வாய்வுக்கு வேண்டிய அறம் பள்ளியிலேயே விதைக்கப்படுகின்றது. மணிமேகலை கற்பிக்கப்படும் வகுப்புகளில் அமுதசுரபியும் ஆபுத்திரனும் விருப்பத்தோடு விளக்கப்படுகின்றனர். இறுதிக் காதைகளில் வரும் சமய, அளவை ஆராய்ச்சிகள் கடினமானவை என்று ஒதுக்கப்படுகின்றன. அவற்றை முழுவதும் கற்பிக்க இயலாவிடினும், இந்நூல் இன்ன நெறியை இன்ன காரணம் காட்டி நிறுவுகின்றது என்றேனும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். பசிப்பிணி போக்கிய கதை மட்டும் போதும், அக்கதையைப் பிறப்பித்த கொள்கை வேண்டா என்பது, விருந்தை உண்டபின் விருந்தளித்தவர் பெயரைக் கேளாமல் எழுந்து போவதை ஒக்கும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விசாக நாள் பொது விடுமுறை. தமிழ் மாணவரின் அண்டை வீட்டில் பௌத்தர் வாழ்கின்றனர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் கந்தசுவாமி கோயிலும் மகா விகாரையும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. இத்துணை அருகில் வாழ்ந்தும், அண்டை வீட்டார் எதை நம்புகின்றனர் என்று கேட்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிடக்கூடும். ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்வதற்கு அறிவு தேவையில்லை. ஒருவரையொருவர் மதிப்பதற்கோ அறிவு இன்றியமையாதது.

பௌத்தத்தையும் சமய ஒப்பியலையும் ஆராயப் புறப்படும் மாணவனை அவன் ஆசிரியர் ஊக்கி அனுப்புதல் வேண்டும். தன்னவர் கேட்கும் கேள்விக்கு அவன், பிறர் நெறியை அறியாமல் என் நெறியின் தனித்தன்மையை எவ்வாறு அறிவேன் என்று விடை கூறலாம். பௌத்தர் கேட்கும் கேள்விக்கு, உங்கள் சொல்லை மாற்றாமல் சொல்வேன், உங்கள் செயலை மறைக்காமல் சொல்வேன், என் முன்முடிவை உங்கள்மேல் ஏற்ற மாட்டேன் என்று உறுதி கூறலாம். அவ்வுறுதியை ஆய்வேட்டின் இறுதிப் பக்கம் வரை காப்பானாயின், பல்கலைக்கழகம் பட்டம் அளிக்கும் முன்பே அவன் அதற்குத் தகுதி பெற்றவனாவான்.